பிட்புல் வாங்குமுன்: வம்சத்துக்கு விலை, நாய்க்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவில் பதிவு செய்த பிட்புல் குட்டியை விலைக்கு வாங்குகிறவர் கைக்குக் குட்டியோடு ஒரு தாளும் வந்து சேரும். இடது ஓரத்தில் குட்டியின் பெயர். அதிலிருந்து இரண்டு கோடுகள் பிரிந்து தாய்க்கும் தந்தைக்கும் போகும். அவர்களிடமிருந்து நான்கு தாத்தா பாட்டிகளுக்கு. பிறகு எட்டு, பதினாறு என்று கிளைத்து, நான்கு தலைமுறையில் முப்பது பெயர்கள் தாளை நிறைத்திருக்கும். கோல்பி, ஓல்டு ஃபேமிலி ரெட் நோஸ், ரேசர்ஸ் எட்ஜ், காட்டி என்று புகழ்பெற்ற வம்சம் ஒன்றின் பெயர் அதில் தென்பட்டால் குட்டியின் விலை ஏறிவிடும். அதே ஊர்க் காப்பகத்தில், தாள் எதுவும் இல்லாத நாய்கள் கம்பிக்கு அந்தப் பக்கம் காத்திருக்கும். நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்கும் பிரீடரிடம் போவதா, காப்பகத்துக்குப் போவதா என்று யோசிக்கிற குடும்பம், 'வம்சம் தெரிந்த நாய் நல்லதா, தெரியாத நாயை நம்பலாமா' என்றுதான் தனக்குள் கேட்டுக்கொள்கிறது. இந்தக் கேள்வி தவறான இடத்தில் தொடங்குகிறது. ஒரு நாயைப் பற்றி நமக்கு நம்பகமாக எதையாவது சொல்லக்கூடிய சாட்சிகள் மூன்று பேர்தான்: கண்முன் நிற்கும் அந்த நாய், உயிரோடு இருக்கும் அதன் தாய் தந்தை, அதை இதுவரை வளர்த்த மனிதர். அதற்கு அப்பால் உள்ள பெயர்களுக்கு நாம் கொடுக்கும் விலை பெரும்பாலும் வீண். சில சமயம் அந்த விலையை நாயின் உடல்நலமே கொடுக்க நேர்கிறது.

இந்த வம்சங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். இங்கிலாந்தில் காளையைக் கட்டிவைத்து நாய்களை ஏவிக் கடிக்கவிடும் விளையாட்டு 1835இல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. திறந்தவெளியில் காளையோடு நடந்த பந்தயம் நின்றதும், சூதாட்டக்காரர்கள் மறைவிடங்களில் சிறு குழி போன்ற களம் அமைத்து நாயோடு நாயை மோதவிட்டார்கள். அந்தக் குழிதான் பெயரில் உள்ள 'பிட்'. புல்டாக்கின் பிடிவலிமையும் டெரியரின் துடிப்பும் ஒன்றாக வேண்டும் என்று இரண்டையும் கலந்து உருவாக்கிய நாய்கள், இங்கிலாந்து, அயர்லாந்துக் குடியேறிகளோடு அமெரிக்காவுக்குப் போயின. 1898இல் தொடங்கிய யுனைடெட் கென்னல் கிளப் இவற்றை அமெரிக்கன் பிட்புல் டெரியர் என்று பதிவு செய்தது. 1909இல் அமெரிக்கன் டாக் பிரீடர்ஸ் அசோசியேஷன் வந்தது. சண்டைக்களத்தின் வாடையை விரும்பாத அமெரிக்கன் கென்னல் கிளப், 1936இல் இதே கூட்டத்து நாய்களை ஸ்டாஃபர்ட்ஷைர் டெரியர் என்று வேறு பெயரில் சேர்த்துக்கொண்டு, 1972இல் அந்தப் பெயருக்கு முன்னால் 'அமெரிக்கன்' என்பதைச் சேர்த்தது. பின்னாளில் உடல் பருத்து மார்பு அகன்ற நாய்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் அமெரிக்கன் புல்லி உருவானது. யுனைடெட் கென்னல் கிளப் அதை 2013இல் தனி இனமாக ஏற்றது. இன்று 'பிட்புல்' என்று வாய்க்கு வாய் சொல்லப்படும் சொல்லுக்குள் குறைந்தது நான்கு இனங்களும், எந்த இனத்திலும் சேராத கலப்பு நாய்கள் ஏராளமாகவும் அடங்கிவிடுகின்றன.

ஒரு காலத்தில் வம்சப் பெயருக்கு உண்மையான பொருள் இருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூபரிபோர்ட்டில் ஜான் பி. கோல்பி 1889 வாக்கில் நாய் வளர்க்கத் தொடங்கினார். எந்த ஆண் நாயை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது, எந்தக் குட்டியை வைத்துக்கொள்வது, எதை வம்சத்திலிருந்து விலக்குவது என்ற ஒவ்வொரு முடிவையும் அவரே எடுத்தார். அவருக்குப் பின் மகன் லூயி கோல்பி அதைத் தொடர்ந்தார். 'கோல்பி நாய்' என்று சொன்னால், ஒரு மனிதர் பல ஆண்டுகள் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, தேர்ந்தெடுத்து வளர்த்தது என்று பொருள். அந்தத் தேர்வு சண்டைக்காக நடந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. வம்சப் பெயர் அந்த மனிதரின் உழைப்புக்கும் பொறுப்புக்கும் ஒரு சுருக்கெழுத்தாக இருந்தது. அந்த நாய்களின் வாரிசுகள் பல கைகள் மாறி, வேறு நோக்கம் கொண்டவர்களிடம் போய், வேறு நாய்களோடு சேர்ந்து இத்தனை தலைமுறை கடந்த பிறகும் பெயர் மட்டும் தாளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேர்ந்தெடுத்த கை போய்விட்டது. இன்றைய குட்டியின் குணத்தைத் தீர்மானிப்பது அதன் தாய் தந்தையைச் சேர்த்து வைத்த இன்றைய மனிதரின் கவனமே.

இதைச் சாதாரணக் கணக்கிலேயே பார்க்கலாம். குட்டிக்குத் தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி மரபு வருகிறது. தாத்தா ஒருவரின் பங்கு சராசரியாக நான்கில் ஒன்று. கொள்ளுத் தாத்தாவின் பங்கு எட்டில் ஒன்று. தாளின் வலது ஓரத்தில் நான்காம் தலைமுறையில் இருக்கும் புகழ்பெற்ற ஆண் நாயின் பங்கு பதினாறில் ஒன்று, ஏறத்தாழ 6 சதவீதம். ஆறாம் தலைமுறைக்குப் போனால் அறுபத்து நான்கில் ஒன்று, ஒன்றரைச் சதவீதம். அந்தப் பெருமைக்குரிய நாயிடமிருந்து இந்தக் குட்டிக்கு வந்தது அவ்வளவுதான். 'எங்கள் நாயில் அந்தப் பெயர் ஒரே இடத்தில் இல்லை, நான்கைந்து இடங்களில் வருகிறது' என்று பிரீடர் சொல்லலாம். அப்படி வந்தால் பங்கு கூடும் என்பது உண்மை. ஆனால் ஒரே பெயர் தாய்வழியிலும் தந்தைவழியிலும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், உறவுக்குள்ளேயே நாய்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தந்தையையும் மகளையும், அல்லது ஒரே ஈற்றில் பிறந்தவற்றைச் சேர்த்தால், குட்டியின் ஒவ்வொரு மரபணு இடத்திலும் ஒரே மூதாதையின் ஒரே நகல் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர 25 சதவீத வாய்ப்பு உண்டு. ஆக, வம்சப் பெயர் தாளில் அரிதாக இருந்தால் அதற்குப் பெரிய மதிப்பில்லை. அடர்த்தியாக இருந்தால் அதே வம்சத்தின் ஒளிந்திருந்த நோய்களும் சேர்ந்து அடர்த்தியாகின்றன. எப்படிப் பார்த்தாலும் பெயருக்கென்று தனி விலை கொடுப்பதற்குக் காரணம் கிடைக்கவில்லை.

சிவப்பு மூக்கை எடுத்துக்கொள்வோம். 'ரெட் நோஸ்' என்றால் அபூர்வமான, சுத்தமான பழைய வம்சம் என்ற நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அந்தப் பெயரில் ஐரிஷ் குடும்பங்கள் வளர்த்த ஒரு பழைய வம்சம் இருந்தது உண்மை. ஆனால் மூக்கு சிவப்பாக இருப்பதற்குக் காரணம் மிகச் சிறியது: கறுப்பு நிறமியைப் பழுப்பாக மாற்றும் ஒரு மரபணு, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு நகல் சேர்ந்திருக்கிறது. அவ்வளவே. சாக்லேட் நிற லாப்ரடாருக்கு மூக்கு பழுப்பாக இருப்பதும் அதே மரபணுவால்தான். எந்த வம்சத்துப் பிட்புல்லிலும், கலப்பு நாயிலும் இது தலைகாட்டலாம். 'ப்ளூ' என்று கூடுதல் விலைக்குப் போகும் சாம்பல் நிறமும் அப்படியே. நிறத்தை மங்கச் செய்யும் மரபணு இரண்டு நகல் சேர்ந்தால் அந்த நிறம் வருகிறது. அந்த நிறமுள்ள நாய்களில் சிலவற்றுக்கு முடி உதிர்ந்து தோல் பாழாகும் கோளாறும் கூடவே வருவதுண்டு. நிறத்துக்குப் பணம் கொடுக்கிறவர் குணத்தையும் நலத்தையும் பற்றி எதையும் தெரிந்துகொள்ளாமலே பணம் கொடுக்கிறார்.

தாள் சொல்லாமல் விடுவது இன்னொன்று உண்டு. பதிவுத் தாள் யார் யாருக்குப் பிறந்தது என்பதைச் சொல்கிறது, அதையும் பெரும்பாலும் பிரீடர் எழுதிக்கொடுத்ததை நம்பியே சொல்கிறது. இடுப்பு மூட்டு எப்படி, இதயம் எப்படி, அந்நியரைக் கண்டால் தாய் என்ன செய்வாள் என்பதெல்லாம் அதில் இல்லை. அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷைர் டெரியரில் ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. மூன்று முதல் ஐந்து வயது ஆகும்வரை நாய் நன்றாக ஓடியாடி விளையாடும். பிறகு ஒருநாள் படியேறும்போது கால் தடுமாறும். நடை அகலும். தலையைத் திருப்பினால் உடல் சாயும். சிறுமூளையின் செல்கள் மெல்ல மெல்ல அழிந்துகொண்டிருக்கும். குணப்படுத்த வழியில்லை. இதை உண்டாக்கும் மரபணுவின் ஒரு நகல் மட்டும் உள்ள நாய்க்கு எந்த அறிகுறியும் தெரியாது. அப்படிப்பட்ட இரண்டு நாய்களைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நோய் தெரியவரும் வயதுக்குள் அந்த நாய்க்கே பல ஈற்றுக் குட்டிகள் பிறந்து விற்றுப்போயிருக்கும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் இதை முன்கூட்டியே அறிந்துவிடலாம். அந்தச் சோதனையைச் செய்த பிரீடரும் செய்யாத பிரீடரும் ஒரே வம்சப் பெயரைத்தான் தாளில் போடுகிறார்கள். வாங்குகிறவர் கேட்டு வாங்க வேண்டியது வம்சப் பெயரை விட இந்தச் சோதனை முடிவையும், இரண்டு வயது நிறைந்த பின் எடுத்த இடுப்பு எக்ஸ்ரே அறிக்கையையும்தான்.

'அப்படியானால் குணம் பரம்பரையில் வராதா' என்று கேட்பது நியாயம். வரும். வராது என்று சொல்கிற நாய் ஆர்வலர்கள் நல்லெண்ணத்தோடு தவறு செய்கிறார்கள். நாய் உரிமையாளர்களிடம் விரிவான கேள்வித்தாள் மூலம் தகவல் திரட்டி 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பிட்புல்களில் 20 சதவீதத்துக்கும் மேற்பட்டவை அறிமுகமில்லாத நாய்களிடம் கடுமையான மூர்க்கம் காட்டியதாகத் தெரிந்தது. மனிதர்களிடம் மூர்க்கம் காட்டுவதில் அந்த ஆய்வில் முன்னால் நின்றவை டாக்ஸ்ஹுண்டும் சிவாவாவும். நாயோடு நாய் மோதுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முன்னோர்களின் தடம் அழிந்துவிடவில்லை என்பதற்கு இது போதுமான சாட்சி. இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஆய்வு ஒன்று 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தைத் தகவலையும், அவற்றில் 2,000க்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் ஒப்பிட்ட அந்த ஆய்வு, தனித்தனி நாய்களிடையே காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 சதவீதத்தைத்தான் இனம் விளக்குகிறது என்று கண்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. கூட்டத்துக்கு ஒரு சாய்வு இருக்கும். அந்தச் சாய்வை வைத்துக் கூட்டத்தில் உள்ள ஒரு நாயை முன்கூட்டி அளந்துவிட முடியாது. இனத்தின் பெயரே இவ்வளவு குறைவாகத்தான் சொல்லும் என்றால், இனத்துக்குள் இருக்கும் ஒரு வம்சத்தின் பெயர் அதைவிடக் கூடுதலாகச் சொல்லும் என்று நம்ப அடிப்படை ஏதுமில்லை.

'குட்டியாக வாங்கினால் நம் கையில் வளரும், நாம் வளர்க்கிற விதத்தில் வளரும்' என்பது அடுத்த வாதம். இதில் உண்மை இருக்கிறது. ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் வெளியிட்ட நூல், மூன்றாம் வாரம் தொடங்கிப் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலம் ஒரு நாய் மனிதர்களோடு பழகக் கற்றுக்கொள்ளும் முக்கியமான பருவம் என்று காட்டியது. அந்தப் பருவத்தின் பெரும்பகுதியைக் குட்டி கழிப்பது வாங்குகிறவர் வீட்டில் அல்ல, பிரீடர் வீட்டில். சமையலறைச் சத்தம், குழந்தைகளின் அழுகை, குடை விரியும் ஓசை எல்லாம் கேட்டு வளர்ந்த குட்டிக்கும், கொல்லைப்புறக் கொட்டகையில் ஆள் முகம் பார்க்காமல் வளர்ந்த குட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிறகு சரிசெய்வது கடினம். இன்னொரு பக்கமும் உண்டு. 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்ற பழமொழி பிட்புல் விஷயத்தில் கைகொடுப்பதில்லை. எட்டு வாரக் குட்டி எல்லா நாய்களோடும் உருண்டு விளையாடும். மற்ற நாய்களோடு ஒத்துப்போகாத குணம் இருந்தால் அது ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில், நாய் முழு வளர்ச்சி அடையும்போதுதான் பெரும்பாலும் வெளிப்படும். முளையில் தெரியாததை விளைந்த பயிரில் பார்க்கலாம். மூன்று வயது நாய் ஏற்கெனவே தான் யார் என்பதைக் காட்டிவிட்ட நாய். முதன்முறையாக இந்த இனத்தை வளர்க்கப்போகும் குடும்பத்துக்கு, வளர்ந்த நாயைக் காப்பகத்திலிருந்து எடுப்பதே பெரும்பாலும் பாதுகாப்பான தேர்வு என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். இரக்கம் இரண்டாவதாக வரட்டும்.

'வந்த வழி தெரியாத நாயை எப்படி நம்புவது' என்ற அச்சத்துக்குப் பதில் வர்ஜீனியாவில் கிடைத்தது. 2007 ஏப்ரலில் அங்கே சர்ரி கவுண்டியில், அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்குக்குச் சொந்தமான இடத்தில் 51 பிட்புல்கள் மீட்கப்பட்டன. சண்டைக்காக வளர்க்கப்பட்டவை, பல சங்கிலியில் கிடந்தவை. விக் சிறை சென்றார். அதுவரை இப்படி மீட்கப்பட்ட நாய்களைக் கொன்றுவிடுவதே வழக்கம். பெரிய விலங்கு நல அமைப்புகள் சிலவும் அப்போது அதையே பரிந்துரைத்தன. நீதிமன்றம் வேறு வழியில் போனது. நடத்தை நிபுணர்கள் ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதித்தார்கள்: உணவுக் கிண்ணத்தில் கை வைத்தால் என்ன செய்கிறது, பொம்மையைக் கண்டால், குழந்தை வடிவப் பொம்மையைக் கண்டால், வேறொரு நாயைக் கண்டால் என்ன செய்கிறது என்று. மூர்க்கம் காரணமாகக் கருணைக் கொலைக்குப் பரிந்துரைக்கப்பட்டது ஒரே ஒரு நாய். மற்றவற்றைப் பராமரிக்க விக் சுமார் 9 லட்சத்து 28 ஆயிரம் டாலர் கட்ட வேண்டியிருந்தது. சவாலானவை என்று கருதப்பட்ட 22 நாய்கள் யூட்டா மாநிலத்தில் பெஸ்ட் ஃபிரண்ட்ஸ் அமைப்பின் சரணாலயத்துக்குப் போயின. மீதியை மற்ற மீட்பு அமைப்புகள் ஏற்றன. பல நாய்கள் குடும்பங்களில் வாழ்ந்து முடித்தன. சில நாய்கள் கடைசிவரை பயந்த சுபாவத்தோடே சரணாலயத்தில் இருந்தன. எல்லா நாயும் தேறியது என்பது இதன் பாடம் இல்லை. தாளில் இதைவிட மோசமான பின்னணி கிடையாது என்று சொல்லத்தக்க நாய்களிடையே இவ்வளவு வேறுபாடு இருந்தது, அந்த வேறுபாட்டை நாயை நேரில் கவனித்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது என்பதே பாடம்.

காப்பகம் என்றாலே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. ஃபுளோரிடாவில் நான்கு காப்பகங்களில் 120 நாய்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், பார்த்த நான்கு ஊழியர்களில் ஒருவராவது 'பிட்புல்' என்று குறித்த நாய்கள் 62. மரபணுச் சோதனையில் அந்த இனங்களின் மரபு தென்பட்டவை 25 மட்டுமே. தலை அகலமாக இருந்தால் பெயர்ப் பலகையில் பிட்புல் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதப்பட்ட நாய்கள், அதே தோற்றமுள்ள வேறு பெயர் எழுதப்பட்ட நாய்களைவிட மூன்று மடங்குக்கும் அதிக நாள் கம்பிக்குள் காத்திருந்தன என்பது 2016இல் வெளியான இன்னோர் ஆய்வு. காப்பகத்துப் பலகையும் ஒருவகையில் வம்சத் தாள்தான். அதையும் நம்பிவிடக் கூடாது. நெரிசலான கூண்டில் குரைப்பும் பயமும் சேர்ந்து நாயின் இயல்பை மறைக்கும். ஆகவே நாயைச் சில வாரங்கள் ஒரு தன்னார்வலர் வீட்டில் வளர்த்துப் பார்க்கும் அமைப்பைத் தேட வேண்டும். அந்த வீட்டுக்காரரிடம் கேட்டால் தெரியும்: கதவு மணி அடித்தால் என்ன செய்கிறது, பூனையைக் கண்டால் எப்படி, எலும்பைப் பிடுங்கினால் உறுமுகிறதா, தெருவில் இன்னொரு நாயைப் பார்த்தால் கயிறு இறுகுகிறதா, குழந்தைகள் ஓடினால் துரத்துகிறதா. குறையே சொல்லாமல் 'தங்கமான நாய்' என்று மட்டும் சொல்லும் அமைப்பிடம் எடுக்காமல் இருப்பது நல்லது.

இந்த இனத்தின் ஆபத்தைப் பேசாமல் இந்த வாதம் முடியாது. 1979 முதல் 1998 வரை அமெரிக்காவில் நாய்கள் தாக்கி நேர்ந்த 238 மரணங்களை ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் பிட்புல் வகையும் ராட்வைலரும் சம்பந்தப்பட்டிருந்தன. நாய் பெரிது, தாடை வலிது, பிடித்தால் விடாமல் பற்றும் பழக்கம் அதிகம். சின்ன நாய் கடித்தால் தையலோடு போவது, இங்கே உயிரையே வாங்கலாம். பின்னர் 2000 முதல் 2009 வரையிலான 256 மரணங்களை ஆராய்ந்தவர்கள் சூழ்நிலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். 87 சதவீதத்தில் தடுக்கக்கூடிய ஆள் அருகில் இல்லை. 85 சதவீதத்தில் இறந்தவருக்கும் நாய்க்கும் முன்பழக்கம் இல்லை, அல்லது பெயரளவுக்குத்தான் இருந்தது. 84 சதவீதத்தில் நாய்க்குக் கருத்தடை செய்யப்படவில்லை. 76 சதவீதத்தில் நாய் குடும்பத்தோடு பழகாமல் தனியே கட்டியோ அடைத்தோ வைக்கப்பட்டிருந்தது. இனம் ஆபத்தின் அளவைக் கூட்டுகிறது என்றால், ஆபத்துக்குக் கதவைத் திறப்பது வளர்ப்பு முறை. வம்சப் பெருமைக்காகப் பிட்புல் வாங்கி, வாசலில் சங்கிலியில் கட்டிக் காவல் வைக்கிறவர் அந்த நான்கையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறார்.

இதற்குப் பிறகும் பிரீடருக்கு இடம் உண்டா என்றால், நல்ல பிரீடருக்கு உண்டு. எல்லோரும் காப்பகத்தில் மட்டுமே எடுத்தால், கவனமாக வளர்க்கிறவர்கள் ஒதுங்கிவிட, கொல்லைப்புறத்தில் கணக்கில்லாமல் ஈன்று தள்ளுகிறவர்களின் நாய்கள் மட்டுமே மிஞ்சும் என்ற எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. அனுபவமுள்ள, குறிப்பிட்ட வேலைக்கோ பயிற்சிக்கோ நாய் தேடுகிறவர் பிரீடரிடம் போகலாம். ஆனால் அவர் பார்க்க வேண்டியது தாளின் வலது ஓரத்தை அல்ல, இடது ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெயர்களை. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பது இங்கே பொருந்தும். வந்த ஆளிடம் தாய் நாய் வாலாட்டி வருகிறதா, ஒதுங்கி உறுமுகிறதா என்று பார்க்க வேண்டும். தாயைக் காட்ட மறுக்கிறவரிடம் குட்டி வாங்கவே கூடாது. முந்தைய ஈற்றுக் குட்டிகள் இப்போது எங்கே இருக்கின்றன, எந்தக் குணத்துக்காக இந்த ஜோடியைச் சேர்த்தீர்கள் என்று கேட்டால், நல்ல பிரீடர் நிறத்தையும் எடையையும் சொல்ல மாட்டார்.

இந்தியாவில் இந்தக் கேள்வி இன்று நம் வாசலுக்கும் வந்திருக்கிறது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசின் கால்நடைத் துறை, பிட்புல் உட்பட 23 வகை நாய்களின் இறக்குமதியையும் விற்பனையையும் நிறுத்தச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சில வாரங்களிலேயே கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் அதை ரத்து செய்தன. தடை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் ஓயவில்லை. ஆனால் 2017ஆம் ஆண்டு விதிகள் முன்னரே இருக்கின்றன. அவற்றின்படி நாய் ஈன்று விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பல நாடுகளின் கென்னல் கிளப்கள் இணைந்திருக்கும் சர்வதேசக் கூட்டமைப்பு அமெரிக்கன் பிட்புல் டெரியரை ஓர் இனமாகவே ஏற்கவில்லை என்பதையும் 'பேப்பர் உள்ள பிட்புல்' தேடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியில், பிரீடரிடம் போனாலும் காப்பகத்துக்குப் போனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'இந்த நாய் எங்களோடு ஒத்துப்போகவில்லை என்றால், இரண்டு வருடம் கழித்தும் நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?' நல்ல பிரீடர் அதை ஒப்பந்தத்திலேயே எழுதித் தருவார், ஏனெனில் தன் கையில் பிறந்த நாய் தெருவிலோ காப்பகத்திலோ போய் நிற்பதை அவர் பொறுக்க மாட்டார். நல்ல மீட்பு அமைப்பும் அதையே சொல்லும். அந்தக் கேள்விக்குத் தயங்குகிறவர், தாளில் எத்தனை பெரிய பெயர் வைத்திருந்தாலும், அந்தப் பெயருக்கு ஒரு காலத்தில் இருந்த பொருளை இழந்துவிட்டவர். பன்னிரண்டு, பதினான்கு வருடம் நம்மோடு இருக்கப்போகும் உயிர் அது. அதற்கு இதுவரை பொறுப்பேற்றவர் யார், இனி யார் என்பதைத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு அழைத்து வருவதே அந்த நாய்க்கும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் நாம் செய்யும் நியாயம்.